கச்சான் காலத்துக் கடன்

(இலங்கையின் மேற்குக் கரை ஊரான உடப்பில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேச வேண்டும், இல்லாவிட்டால் சமயம் பேச வேண்டும். அதுதான் நம் வழக்கம். கடனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் எழுதி அனுப்பியதும் ஏற்பாட்டாளர்கள் சில நாள் பதில் போடவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்: யாருடைய பெயரும் வரக்கூடாது. வராது. நான் வங்கியொன்றின் அடகுப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். அந்த வேலையில் முதற்பாடமே வாயை மூடிக்கொள்வதுதான்.

உங்கள் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கணக்குக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த மேற்குக் கரையில் கரைவலைக்கு உரிய காலம் ஏறக்குறைய ஒக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை. அதற்குப் பிறகு கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். கடல் கொந்தளிக்கும், வலை வளைக்க முடியாது. முன்பெல்லாம் மேற்குக் கரை மீனவர்கள் இந்த மாதங்களில் வாடி போட்டுத் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்குப் போனார்கள். எல்லோராலும் அப்படிப் போக முடிந்ததில்லை. யுத்தம் அந்த வழியையும் பல வருடம் அடைத்துவைத்திருந்தது. ஆக, ஏழு மாதம் வருமானம், ஐந்து மாதம் கையைப் பிசைதல். அந்த ஏழு மாதத்திலும் ஒரு நாளைப்போல் மறு நாள் இல்லை. ஒரு பாட்டில், அதாவது ஒருமுறை வலை வளைத்ததில், நெத்தலி மடி கிழியப் படும். அடுத்த நாலு நாளும் சொறியும் பாசியும்தான் வரும்.

இனி, நீங்கள் வாங்கியிருக்கும் கடனின் தவணை அட்டையை எடுத்துப் பாருங்கள். கிழமைக்கு ஒரு நாள், அதே நாள், அதே தொகை. மாதத் தவணையென்றால் ஒவ்வொரு மாதமும் அதே திகதி. அந்த அட்டையில் கச்சான் கிடையாது, ஆடி கிடையாது. மாதம் முடிய அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அளந்து தைத்த சட்டையை நாம் போட்டுக்கொண்டு திரிகிறோம். தோள் கிழிந்தால் நம் உடம்பைக் குறை சொல்கிறார்கள். மீனவன் சிக்கனம் தெரியாதவன், நாலு காசு கண்டால் அன்றைக்கே கரைப்பவன் என்று படித்தவர்கள் சொல்வதை அந்த வங்கிக் கட்டடத்துக்குள்ளேயே நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. குறை பெரும்பாலும் காலம் பொருந்தாததில் இருக்கிறது.

இந்த ஊரில் இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு, அது அம்மன் சம்பந்தப்பட்டது. திரௌபதை அம்மனின் ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும் வருவது கடல் கைவிரிக்கும் அதே மாதத்தில். பிள்ளைகளுக்குப் புதுத்துணி வேண்டும், வெளியூர் உறவு வந்து இறங்கும், நேர்த்தி செலுத்த வேண்டும். அடகுப் பிரிவில் இருந்தவனுக்குச் சுவரில் கலண்டர் மாட்டத் தேவையில்லை. திருவிழாவுக்கு முன்னால் நகை மீட்க வருவார்கள், கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மன் சந்நிதியில் நிற்பதற்கு. மீட்கக் கொண்டுவரும் காசு சேமித்த காசாக இருப்பது அபூர்வம். எங்கோ வட்டிக்கு மாறிய காசு. திருவிழா முடிந்து சில நாளில் அதே சங்கிலி, அதே காப்பு, திரும்ப என் தராசுக்கு வரும். நான் சிரித்ததில்லை. வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போக ஒரு பெண் ஏன் கூசுகிறாள் என்று தெரியாதவன் இந்த ஊருக்குப் புத்தி சொல்ல வரக்கூடாது. ஆனால் அந்தச் சில நாள் கழுத்தில் போட்டதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் வீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடனாளிக்கு எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: முதலில் கடனை முழுக்க அடை, பிறகு சேமி. கணக்குப் புத்தகத்தின்படி இதில் பிழை கிடையாது. சேமிப்புக்கு வங்கி தருவது சொற்பம், கடனுக்கு நாம் கொடுப்பது அதைப்போல் பல மடங்கு. கடன் இருக்கும்போது சேமிப்பது நட்டம். ஆனால் இந்தக் கரையில் அந்தப் புத்தியைக் கேட்டு நடந்தவர்கள் அடுத்த கச்சானில் மறுபடியும் கடன் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த கடைசிக் காசு வரை தவணைக்குக் கட்டிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஓடினார்கள்.

எண்ணிப் பார்ப்போம். வருடத்துக்கு நூற்றுக்கு 42 வீதம் வட்டி தின்னும் கடன் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதைக் கட்டாமல் 15,000 ரூபாவை நூற்றுக்கு 5 வீதம் தரும் வங்கிச் சேமிப்புப் புத்தகத்தில் ஒதுக்கி வைத்தால் வருடத்துக்கு 5,550 ரூபா நட்டம். அந்த 15,000 இல்லாமல் ஐந்து கச்சான் மாதத்தையும் பத்து வட்டியில் கடந்தால் வட்டி மட்டும் 7,500 ரூபா. முதல் அப்படியே நிற்கும். ஆகவே ஒதுக்கி வைப்பதுதான் இலாபம். ஆனால் மிகப் பெரிய இலாபமென்று சொல்ல முடியாது, அதையும் கவனியுங்கள். கடன் இருக்கும்வரை கையிருப்பு இருக்க வேண்டும். அது சிறியதாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மாதத்து அரிசி, மருந்து, பள்ளிக்கூடச் செலவு, அவ்வளவு போதும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு ரூபாவும் கடனுக்குப் போகட்டும்.

கடனும் சேமிப்பும் ஒரே வீட்டில் ஒன்றாக இருப்பது முட்டாள்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். வங்காளதேசம், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை நாட்குறிப்புப்போல் தொடர்ந்து எழுதி, 2009இல் நான்கு ஆய்வாளர்கள் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏழைகளிடம் சேமிக்க ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையை அது உடைத்தது. அந்தக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் கடன் வாங்கின, கடன் கொடுத்தன, சேமித்தன, சீட்டுப் போட்டன. வருமானம் குறைவு என்பதைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அவர்களுடைய பெரிய வில்லங்கம். ஆய்வாளர்களில் ஒருவரான ஸ்டுவர்ட் ரதர்ஃபோர்ட் அதற்கு முன்பே ஆந்திராவின் விஜயவாடாவில் ஒரு பெண்ணைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சேரி வீடுகளுக்கு நாள்தோறும் போய் 5 ரூபா வாங்குவார். அட்டையில் 220 கட்டம். அத்தனையும் நிரம்பினால் கட்டியது 1,100 ரூபா. அவர் திருப்பிக் கொடுப்பது 1,000. சேமிக்கிறவர்கள்தான் அவருக்குக் கூலி கொடுக்கிறார்கள்! காசை வீட்டில் வைத்தால் கணவன் எடுப்பான், பிள்ளை கேட்கும், தன் கையே எடுக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அந்த 100 ரூபா காவல் கூலி.

இங்கே காவலுக்கு நாம் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மனைவி பெயரில் ஒரு புத்தகம், அதற்கு அட்டை எடுக்காமல் விட்டால் போதும். கடைத்தெருவில் நின்றுகொண்டு இயந்திரத்தில் காசு இழுக்க முடியாது. பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்ற சோம்பல் பல நூறு ரூபாவைக் காப்பாற்றும்.

கடன் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் கடன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை. நுண்கடன் ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்தது. 1976இல் வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் அளவான காசைக் கொடுத்து அவர்களை வட்டிக்காரர்களிடமிருந்து விடுவித்தார். 2006இல் அவருக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எண்ணம் இலாபம் தேடும் கம்பனிகளின் கைக்கு மாறியபோது வேறொன்றாகிவிட்டது. 2010இல் ஆந்திராவில் தற்கொலைகள் நடந்து, மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. இலங்கையில் யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வறண்ட மாவட்டங்களிலும் மோட்டார் சைக்கிளில் கடன் வந்து இறங்கியது. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் இங்கே வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு வட்டி நூற்றுக்கு 220 வீதம் வரை போனதையும், வசூலிக்க வந்தவர்கள் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் தமது அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்க ஏற்பாடு செய்தார். வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வந்தது. நோய் அதோடு தீரவில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கி, பல கிழமை தெருவோரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தை கொரோனாவால் மூடப்பட்டது. மீனை வாங்க ஆளில்லை. மீனைச் சாப்பிடலாம் என்று காட்டுவதற்காக முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்தார், நினைவிருக்கும். அவர் கடித்ததால் விலை ஏறியதாக எனக்குத் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்த ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தைத் தொட்டது. இரண்டு வருடத்துக்குள் இத்தனை அடி. இதில் எதுவும் உடப்பு மீனவன் செய்த பிழையால் வந்ததல்ல. ஆனால் அட்டையில் தவணை ஒரு நாளும் பிந்தவில்லை.

நாடு தன் கடனைக் கட்ட முடியாமல் போனபோது என்ன செய்தது? கடன் கொடுத்தவர்களை உட்கார வைத்துப் பேசியது. காலம் கேட்டது, வட்டியைக் குறைக்கச் சொன்னது, முதல் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொன்னது. அதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று பெரிய பெயர் வைத்தார்கள். நாடு கேட்டதை நீங்கள் கேட்பதில் வெட்கம் என்ன? தவணை தவறிய பிறகு ஒளிந்து திரியாமல், தவறுவதற்கு முன்பே போய், என் வருமானம் ஒக்டோபரில்தான் தொடங்கும், அதுவரை வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்: ஒளிகிறவனைவிட முன்கூட்டி வந்து கேட்கிறவனுக்கு எந்த முகாமையாளரும் கொஞ்சம் இளகுவார்.

இந்த மண்ணில் நின்று கடனைப் பேசுகிறவன் திரௌபதையைப் பேசாமல் போகக்கூடாது. தருமர் சூதில் முதலில் பொருளை வைத்தார், பிறகு தம்பிமாரை வைத்தார், பிறகு தன்னை வைத்தார், கடைசியில் அவளை. ஒவ்வொரு முறையும் அடுத்த உருட்டில் மீட்டுவிடலாம் என்ற நினைப்பு. அடுத்த பாட்டில் மீன் பட்டால் எல்லாம் அடைந்துவிடும் என்று ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறவனுக்கும் அதே நினைப்புத்தான். ஆனால் எனக்கு அந்தக் கதையில் பெரிது, சபைக்கு அழைத்துப் போக வந்தவனிடம் அவள் திருப்பிக் கேட்ட கேள்வி: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மர் உட்பட அந்தச் சபையில் ஒருவராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வங்கியில் இருந்தவனுடைய காதுக்கு இது பிணைச் சட்டத்துக் கேள்வியாகவே கேட்கிறது.

நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். எஞ்ஜின் கணவனுக்கு, கடன் மனைவி பெயரில். வலை தம்பிக்கு, கையெழுத்து அக்காவுடையது. சேர்ந்து கடன் வாங்கிய குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். காசைக் கண்ணால் காணாதவள் அவமானத்தை மட்டும் காண்கிறாள். தாய்மார்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் காசு யார் கைக்குப் போகிறது, எந்த வருமானத்திலிருந்து திரும்பி வரும் என்று கேளுங்கள். பத்திரம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழில் தரச் சொல்லுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. அம்மன் சபையில் கேட்டாள். நீங்கள் மேசையில் கேட்டால் போதும்.

வட்டிக் கணக்கில் ஒரு மறைவிடம் உண்டு. ஒரு லட்சம் ரூபா, வருடத்துக்கு நூற்றுக்கு 24 வீதம், 12 மாதத் தவணை என்பார்கள். மாதத்துக்கு 2 வீதம்தானே என்று நாம் நினைப்போம். முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க வட்டி போட்டு 1,24,000 ஆக்கி, 12ஆல் பிரித்து மாதம் 10,333 ரூபா கேட்பார்கள். ஆறு மாதத்தில் பாதிக்குக் கிட்ட முதல் திரும்பிப் போய்விட்டது. வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிக்கு மட்டும் வட்டி என்ற முறையில் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு நூற்றுக்கு 42 வீதத்துக்குக் கிட்ட வரும். நான் முன்பு சொன்ன 42 இதுதான். ஆகவே கேட்க வேண்டியது: வட்டி முழுத் தொகைக்கா, குறைந்துவரும் மீதிக்கா?

பத்து வட்டிக்காரருக்கு இந்த மறைவிடம் தேவையில்லை, அவர் வெளிப்படையானவர். 50,000 வாங்கினால் மாதம் 5,000. பத்து மாதத்தில் 50,000 கொடுத்திருப்பீர்கள். 50,000 இன்னும் நிற்கும். இப்படி வருடக் கணக்கில் கட்டுகிறவர்களின் பெட்டியில் இரண்டு காப்பு கிடக்கும். ஏன் அடகு வைக்கவில்லை என்றால், மகளுக்கென்று வைத்தது என்பார்கள். அந்தக் காப்பை வங்கியில் வருடத்துக்கு நூற்றுக்கு 20 வீத வட்டிக்கு அடகு வைத்து, பத்து வட்டிக்காரரின் கணக்கை அன்றைக்கே முடித்துவிட்டு, அவருக்குக் கொடுத்துவந்த அதே 5,000த்தை மாதாமாதம் வங்கியில் கட்டினால், பதினொரு மாதத்தில் முதலும் வட்டியும் ஏறக்குறையத் தீர்ந்து காப்பு வீட்டுக்கு வரும். புதிதாக ஒரு ரூபாவும் தேட வேண்டியதில்லை. பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று மட்டும் அடகு வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாத வட்டியை வருட வட்டியாக மாற்றுவதைப்போலப் பலன் தரும் வேலை கடனாளி வீட்டில் வேறு கிடையாது. ஒரு ஆபத்து உண்டு: கணக்கு முடிந்த நிம்மதியில் அதே ஆளிடம் மறுபடி போவது. போனால் காப்பும் போகும், கடனும் நிற்கும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? வட்டி கூடியதை முதலில் அடை என்று கணக்கு சொல்லும். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் ஒரு விலக்கு. அக்காவிடம், பக்கத்து வீட்டில் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்றைக் கடைசிக்குத் தள்ளுவது கணக்குப்படி சரி, ஊர்ப்படி பிழை. கச்சானில் அரிசிக்குக் கைகொடுப்பது அந்தக் கதவுதான். கொஞ்சம் கொஞ்சமாகவேனும் கொடுத்துக்கொண்டிருங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் வாங்கும் முற்பணத்தைப் பலர் கடனாகவே எண்ணுவதில்லை, வட்டி இல்லையே என்று. அதன் வட்டி பங்கில் இருக்கிறது. வேறு வலைக்குப் போக முடியாத கட்டுப்பாட்டில் இருக்கிறது. சம்மாட்டிமார் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கடல் மூடிய மாதங்களில் கேட்டவுடன் முற்பணம் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் அது கடன். ஏட்டில் எழுதப்பட வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டு ஏடும் ஒத்துப்போன வீட்டை நான் அதிகம் கண்டதில்லை.

சீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நம் பெண்கள் நடத்தும் சீட்டு கடனும் சேமிப்பும் ஒன்றாகக் கட்டிய ஏற்பாடு. பன்னிரண்டு பேர், மாதம் 5,000 என்றால், முதல் மாதம் 60,000 எடுக்கிறவர் கடன்காரர், கடைசி மாதம் எடுக்கிறவர் சேமிப்பாளர். பத்து வட்டிக் கடன் உள்ளவர் முதல் மாதங்களைக் கேட்டு வாங்க வேண்டும். எஞ்ஜினுக்குச் சேர்க்கிறவர் கடைசி மாதத்தைக் கேட்க வேண்டும். நடப்பது மறுதலை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க முதல் சீட்டு, கடன்பட்டவருக்குக் கடைசிச் சீட்டு. சீட்டுகளுக்கென்று இலங்கையில் 1935ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்திருக்கிறது. அது எழுந்ததே ஏமாற்றங்கள் இருந்ததால்தான். முகம் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகும் சீட்டில் சேராதீர்கள். கச்சானுக்கு முன்பே முடியும் சீட்டாக, ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற ஏழு பேர் சீட்டாக நடத்தினால் இந்த ஊருக்கு இன்னும் பொருந்தும்.

இனி வாங்கப்போகும் பொருளுக்கு வருவோம். எஞ்ஜின் ஒன்று ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் கடனாக, முழுத் தொகைக்கு 24 வீதம், மூன்று வருடம் என்றால் வட்டி மட்டும் 4,32,000 ரூபா. பழைய எஞ்ஜினைப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டு, நல்ல மாதம் ஏழிலும் 20,000 ஒதுக்கினால் மூன்று பருவத்தில் 4,20,000 சேரும். மீதி 1,80,000க்கு மட்டும் ஒரு வருடக் கடன், வட்டி 43,200. இது எல்லோருக்கும் பொருந்தாது. எஞ்ஜின் அடியோடு செத்துவிட்டால் தொழிலே இல்லை. அப்போது கடன் வாங்குவதுதான் சரி. இன்னொன்று, 2022இல் டொலர் சில கிழமைகளில் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது, எஞ்ஜினுக்கென்று வங்கியில் காசு சேர்த்தவர்கள் பாதி எஞ்ஜினோடு நின்றார்கள். தங்கமாக வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மிஞ்சியதைத் தங்கத்தில் போட்டுவந்த நம் பாட்டிமாருடைய யோசனையைப் பொருளியல் படித்தவர்கள் பழைமை என்று ஒதுக்கினார்கள். அந்த வருடம் பாட்டிமார் வென்றார்கள். ஆனால் கல் வைத்த அட்டிகை சேமிப்பாகாது. கல்லின் நிறையை நாங்கள் கழிப்போம். செய்கூலியும் சேதாரமும் கடையிலேயே போய்விட்டன. சேமிப்புக்கென்றால் வேலைப்பாடில்லாத காப்பு, அல்லது தங்கக் காசு. அலங்காரத்துக்கு வாங்குவதை அலங்காரம் என்றே கணக்கில் எழுதுங்கள்.

ஒரு நல்ல விளைச்சல் வந்தால் அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டு வாங்கும் கடன் என்னாகும் என்று அறிய, முந்தல் பக்கம் தூர்ந்து கிடக்கும் இறால் பண்ணைக் குளங்களைப் பார்த்தால் போதும். எண்பதுகளில் புத்தளம் மாவட்டமெங்கும் இறால் வளர்ப்பு மளமளவென்று பரவியது. ஆறு மாதத்தில் வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது, 1998இல் மறுபடியும். ஒரே வாவியிலிருந்து தண்ணீர் எடுத்து அதிலேயே கழிவை விட்டதால் ஒருவர் குளத்து நோய் எல்லோர் குளத்துக்கும் போனது. இறால் செத்தது, கடன் சாகவில்லை. பின்னர் எந்தப் பகுதி எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று முறை வகுத்த பிறகே அந்தத் தொழில் ஓரளவு நிமிர்ந்தது.

கையெழுத்துப் போட்டுச் சிக்கிக்கொண்டவர்களுக்குச் சட்டம் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. காணியை ஈடு வைத்தோ, மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்தோ கடன் வாங்கியவர்கள் 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கடன் இணக்க சபைக்கு விண்ணப்பிக்கலாம். காலக்கெடு முடிந்து காணி போன பிறகு போவதில் பயனில்லை; முன்பே போக வேண்டும். வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை கடன், எந்த நிலையில் பதிவாகியிருக்கிறது என்று அறியக் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து கிரிப் அறிக்கை எடுக்கலாம். வட்டி முதல் தொகையை மிஞ்சக்கூடாது என்பது ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய நெறி. நம் ஊரோரத்துக் கால்வாயை வெட்டிய ஒல்லாந்தரோடு வந்த சட்டம் அது. வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் இன்று தனிச் சட்டங்கள் உண்டு என்றாலும், கை வட்டிக்காரர் முதல் தொகையைப்போல் மூன்று மடங்கு கேட்டால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கடைசியாகச் சம்மாட்டிமாரிடம் ஒரு வேண்டுகோள். கடன் அட்டையில் கச்சான் இல்லை என்றேன். அதைக் கம்பனிக்காரன் எழுதமாட்டான், நீங்கள் எழுதலாம். பங்கு பிரிக்கும் இடத்தில், விரும்புகிற தொழிலாளியின் பங்கிலிருந்து நூற்றுக்கு ஐந்தையோ பத்தையோ கழித்து, அவரும் மனைவியும் சேர்ந்து திறந்த வங்கிக் கணக்கில் கிழமைக்கொருமுறை போட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம், உங்கள் பெட்டியிலும் வேண்டாம். அது உங்களுக்கும் வீண் பழி. புத்தகம் அவர்கள் வீட்டில் இருக்கட்டும். கச்சான் எழும்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் காசு இருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய முற்பணமும் குறையும், ஆகவே இதில் உங்களுக்கும் இலாபம் உண்டு. ஆலய பரிபாலன சபையார் ஒக்டோபரில் முதல் வலை வளைக்கும் நாளில் இதற்கு ஒரு கூட்டம் போட்டால், கணக்கு எழுதிக் கொடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். இந்தப் பருவத்தில் ஒரு வலையிலாவது தொடங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.